அமரில்லிஸ் ஆண்டுதோறும் பூக்க: இலையின் உழைப்பும் கிழங்கின் ஓய்வும்

மதுரையில் பால்கனியிலும் ஜன்னல் திட்டிலும் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அமரில்லிஸைப் பற்றிப் பேசினால் அநேகமாக ஒரே குறையைத்தான் கேட்கலாம். கிழங்கு வாங்கி வைத்த முதல் தடவை உள்ளங்கையை விடப் பெரிய பூக்கள் நான்கு பூத்தன, அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளாக இலை மட்டுமே வருகிறது என்பார்கள். கிழங்கு மட்டமானது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டித் தொட்டியைக் காலி செய்துவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கிழங்கில் குறை இருப்பதில்லை. முதல் ஆண்டு நாம் கண்ட பூ நம் வீட்டில் உருவான பூவே அன்று. அது கிழங்கை வளர்த்தவரின் வயலில், அதற்கு முந்தைய பருவத்தின் இலைகள் சேர்த்து வைத்த உணவில் உருவாகி, கிழங்கின் உள்ளே மடிந்து கிடந்த நிலையில் நம் கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் ஆண்டுப் பூவைத்தான் நம் வீட்டு இலைகள் உருவாக்க வேண்டும். அந்த இலைகளை நாம் எப்படி நடத்தினோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

செடியின் பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கப்படுபவை தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை; அவற்றின் தாயகம் பிரேசில், பெரு, பொலிவியா உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகள். உண்மையான அமரில்லிஸ் தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த வேறொரு செடி. அமரில்லிஸ் என்னும் பெயர் எதற்கு உரியது என்ற வழக்கு நெடுங்காலம் நடந்து, 1987ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அது தென் ஆப்பிரிக்கச் செடிக்கே உரியது என்று உறுதியாயிற்று. ஆனாலும் கடைப்பெயர் மாறவில்லை; இக்கட்டுரையிலும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். இந்தச் செடியின் முதல் கலப்பினத்தை 1799ஆம் ஆண்டு உருவாக்கியவராக அறியப்படும் ஆர்தர் ஜான்சன், இங்கிலாந்தின் லங்காஷயரில் கடிகாரம் செய்து பிழைத்தவர். இன்று நாம் வாங்கும் ரெட் லயன், ஆப்பிள் பிளாசம் போன்ற பெரிய பூ வகைகள் எல்லாம் அத்தகைய கலப்புகளின் வழிவந்தவையே. நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளின் கிணற்றடியில் யாரும் கவனிக்காமலேயே பங்குனி, சித்திரையில் பூக்கும் ஆரஞ்சு நிற லில்லியும், அதன் தொண்டையில் பச்சை கலந்த வெள்ளை நட்சத்திரம் தெரியுமானால், பெரும்பாலும் ஒரு ஹிப்பியாஸ்ட்ரம்தான். கவனிக்காமல் விட்டதே அதற்கு எப்படி நன்மையாக முடிகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கிழங்கின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளச் சமையலறையில் இருக்கும் ஒரு பெல்லாரி வெங்காயம் போதும். அதை நெடுக்காகப் பிளந்தால் அடியில் வேர் புறப்படும் தட்டையான ஒரு வில்லை தெரியும், அதுதான் தண்டு. அதன் மேல் ஒன்றையொன்று தழுவியபடி இருக்கும் சதைப்பற்றான அடுக்குகள் யாவும் இலைகளின் அடிப்பகுதிகள். பள்ளிப் பாடநூல் இந்த அமைப்பைக் குமிழம் என்று சொல்லும். நர்சரிக்காரர்கள் கிழங்கு என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். மழைக்காலத்தில் கூடையில் கிடக்கும் வெங்காயம் மண்ணும் நீரும் இல்லாமலேயே பச்சைத் தாள் விடுவதையும், தாள் நீள நீள வெங்காயம் சூம்பிப் போவதையும் பார்த்திராதவர் இருக்க முடியாது. சேமித்த உணவைச் செலவழித்துத் தாள் வளர்கிறது. அமரில்லிஸும் அவ்வாறே தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் ஒன்றரை முதல் இரண்டடி உயரம் வரை தண்டை எழுப்பி, அதன் உச்சியில் அத்தனை பெரிய பூக்களை விரிக்கிறது. பூத்து முடிந்த கிழங்கைத் தொட்டுப் பார்த்தால் அது மெலிந்து, சற்றுத் தளர்ந்திருப்பதை விரலாலேயே உணரலாம்.

இந்தச் செடியின் வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதிர்ந்த கிழங்கின் உள்ளே ஏறத்தாழ நான்கு இலைகள் தோன்றியதும் ஒரு பூமொட்டு தோன்றுகிறது. பிறகு மீண்டும் நான்கு இலைகள், மீண்டும் ஒரு மொட்டு. அவ்வாறு தோன்றிய மொட்டு உடனே வெளியே வந்துவிடுவதில்லை; ஓர் ஆண்டு அளவுக்கோ அதற்கு மேலுமோ அடுக்குகளின் இடையே இருந்து மெல்ல வளர்ந்து, அதன் பிறகே தலை நீட்டுகிறது. அதற்குள் கிழங்கில் உணவு குறைந்துவிட்டால், மொட்டு உள்ளேயே காய்ந்து காகிதம் போன்ற ஒரு சிம்பாகச் சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மொட்டே வரவில்லை என்று தோன்றும். உண்மையில் அது வந்து, ஊட்டம் கிடைக்காமல் மடிந்திருக்கும். இலைகளை எண்ணும் பழக்கத்தை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இதனால்தான். ஒரு பருவத்தில் எட்டு இலைகள் நன்றாக வளர்ந்த கிழங்கு, பின்னால் இரண்டு தண்டுகள் தருவதற்கு வாய்ப்பு உண்டு. மூன்றே இலைகளோடு நின்றுவிட்ட கிழங்கிடம் ஒன்றை எதிர்பார்ப்பதுகூடக் கடினம். கிழங்கின் பருமனும் கணக்கில் சேரும். பூக்கட்டும் நாரையோ நூலையோ கிழங்கின் இடுப்பில் சுற்றி அளந்து பார்த்தால், பெரிய பூ வகைகளில் சுற்றளவு 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பவை பெரும்பாலும் பூப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஓய்வுக்கு முன் அளந்து குறித்து வைத்தால், கிழங்கு பெருக்கிறதா இளைக்கிறதா என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

ஆகவே முக்கியமான வேலை பூ உதிர்ந்த அன்றுதான் தொடங்குகிறது. வாடிய பூக்களை அவற்றின் அடியில் இருக்கும் பச்சைக் காய்முனையோடு சேர்த்துக் கிள்ளிவிட வேண்டும்; இல்லாவிட்டால் விதைக்காக உணவு வீணாகும். பூத்தண்டைப் பச்சையாக இருக்கும்போதே வெட்ட வேண்டாம். அதுவும் இலையைப் போலவே வெயிலில் உணவு தயாரிப்பதால், தானாக மஞ்சளித்துத் தொய்ந்த பிறகு வெட்டினால் போதும். எனக்கு முதலில் கிடைத்த கிழங்கை நான் இழந்ததும் இந்தக் கட்டத்தில்தான். பூ முடிந்தவுடன் அழகு போய்விட்டது என்று எண்ணித் தொட்டியைக் கூடத்து அலமாரியின் மூலைக்கு மாற்றினேன். இலைகள் வெளுத்து, நீண்டு, இருபக்கமும் சாய்ந்து கிடந்தன. பச்சையாகத்தானே இருக்கின்றன என்று ஆறு மாதம் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த இலைகள் தாம் உயிரோடு இருப்பதற்கான உணவைக்கூடக் கிழங்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன என்பது, மறு ஆண்டு பாதியாகச் சூம்பியிருந்த கிழங்கைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது.

வீட்டுக்குள் வெளிச்சம் எங்கே கிடைக்கும் என்பதில் அயல்நாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றக் கூடாது. ஐரோப்பாவில் எழுதப்பட்டவை தெற்கு பார்த்த ஜன்னலில் வைக்கச் சொல்லும். அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. இலைகள் உழைக்க வேண்டிய மாதங்களும் இவையே. அந்தக் காலத்தில் தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் விழுவதில்லை. எனவே கிழக்கு ஜன்னலே இங்கே முதல் தேர்வு. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் இலைகளின் மேல் விழுமானால் அது போதுமானது. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் சித்திரை, வைகாசியில் சுவரும் கம்பிகளும் அனலாகக் கொதிப்பதால் மெல்லிய துணித்திரை ஒன்று இடையில் வேண்டும். கிரில் போட்ட பால்கனி இருக்கும் வீடுகளில் இலைப் பருவம் முழுவதும் தொட்டியை அங்கே விட்டுவிட்டு, மொட்டு நிறம் காட்டும்போது மட்டும் கூடத்துக்குக் கொண்டுவருவதே நான் கண்ட சிறந்த ஏற்பாடு. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடித் தரையில் மட்டும் வைக்க வேண்டாம். காங்கிரீட்டின் சூடு தொட்டியின் அடிவழியாக ஏறி வேரை வேகவைத்துவிடும்.

தொட்டி அகலமாக இருக்கத் தேவையில்லை. கிழங்கைச் சுற்றி இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கிழங்கை அழுக வைக்கும். செம்மண், மக்கிய தொழு உரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலக்கலாம். ஆற்று மணல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் எம்சாண்டைப் பயன்படுத்துகிறவர்கள், அதிலிருக்கும் மாவு போன்ற தூசி போகும் வரை கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் நார்த்தூள் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்பதால், ஐப்பசி மழையில் தொட்டிகள் உலராமல் நிற்கும் நம் ஊருக்கு அதை நான் குறைவாகவே சேர்க்கிறேன். நடும்போது கிழங்கின் கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்காவது உடலும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்தில் நீர் தங்கும்.

தண்ணீரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. அதையே ஊற்றி வந்தால் மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு படிவதைக் காணலாம். மண்ணிலும் அதே உப்பு சேர்ந்து வேர் நுனிகளைக் கருக்கும். குடிநீர்க் குழாயின் நீரோ பிடித்து வைத்த மழைநீரோ கிடைத்தால் அதையே ஊற்றலாம். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்படி நல்ல நீரை ஊற்றி உப்பை அலசிவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை இந்தச் செடிக்கு ஊற்றவே கூடாது, ஏனெனில் அதில் உப்பின் செறிவு இன்னும் கூடுதல். உரத்தைப் பொறுத்தவரை, வைகாசி முதல் ஆவணி வரை மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரமும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் இருக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுவதும் போதும். தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் இலை கொழுக்கும், பூ குறையும். வாழைத்தோலில் சாம்பல் சத்து உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைப் பச்சையாக வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் புதைத்தால் ஈ மொய்க்கும். மக்க வைத்த பிறகு போடுவதே முறை.

இனி ஓய்வு. தென் அமெரிக்காவில் இந்தச் செடிகள் பல, மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலங்களைச் சேர்ந்தவை. வறண்ட காலத்தில் இலையை இழந்து, மழை திரும்பியதும் முதல் வேலையாகப் பூப்பது அவற்றின் இயல்பு. குளிர் நாடுகளில் வணிகத்துக்காக வளர்ப்பவர்கள் கிழங்குகளை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸில் எட்டு முதல் பத்து வாரம் வைத்திருப்பார்கள். அதனால் கிழங்குகள் ஒரே சீராக, குறித்த காலத்தில் பூக்கும். இதைப் படித்துவிட்டு, மதுரையில் அந்தக் குளிர் கிடையாதே, நம் ஊரில் இது பூக்கவே பூக்காது என்று தளர்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டு உருவாவதற்குக் குளிர் தேவையில்லை. உருவான மொட்டுகள் சீராக வெளிவருவதற்கு அது துணை செய்கிறது. அந்தத் துணையின் பெரும்பகுதியை வறட்சியே செய்துவிடும். கிணற்றடி ஆரஞ்சு லில்லி பூப்பதன் காரணம் இதுதான். தை, மாசியில் யாரும் நீர் ஊற்றாததால் அது காய்ந்து ஓய்ந்து, முதல் கோடை மழையில் விழித்துக்கொள்கிறது.

அழகர்கோவில் சாலையில் நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில், நான் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும் விடத் தெளிவாக இருந்தது. “பட்டறையில போட்ட வெங்காயத்துக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா தம்பி?” என்றார். திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் உலர்வாகக் காத்து வைப்பதை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம் ஊரின் பருவத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், புரட்டாசியில் உரத்தை நிறுத்த வேண்டும். ஐப்பசியில் மழை பிடிக்கும் முன் தொட்டியைச் சாரல் படாத கூரையின் கீழ் கொண்டுவந்து, தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, கார்த்திகை கடைசிக்குள் முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். மார்கழியும் தையும் மதுரையில் இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்கும் காலம். ஆண்டில் நமக்குக் கிடைக்கும் குளிர் அவ்வளவே என்பதால், ஓய்வை அந்த இரண்டு மாதங்களின் மேல் பொருந்த வைப்பது மிக முக்கியம். இலைகள் மஞ்சளித்துக் காய்ந்தால் அப்போது நறுக்கலாம். சில வகைகளில் இலை பச்சையாகவே நிற்கும். அதை வலிந்து வெட்ட வேண்டியதில்லை, மண் காய்ந்திருந்தால் போதும். கிழங்கைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். இதன் தடித்த வேர்கள் பல ஆண்டுகள் வாழ்பவை. தோண்டும்போது அவை அறுந்து, மறுபருவத்தின் பாதி வேர் பிடிப்பதிலேயே கழிந்துவிடும். பாப்பிலியோ என்னும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூ உள்ள வகை என்றும் பசுமையானது, அதை முழுவதும் காயவிடாமல் வாரம் ஒருமுறை சிறிது நனைத்து வர வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. பெட்டியின் உள்ளே வெப்பம் தேவைக்கும் மிகக் கீழே இருப்பதோடு, பழுக்கும் ஆப்பிள், வாழை போன்ற பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கினுள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இதை விடவும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காய்ந்த தோலோடு இருக்கும் அமரில்லிஸ் கிழங்கு பார்வைக்குப் பெல்லாரி வெங்காயத்தைப் போலவே இருக்கும், ஆனால் அதில் லைகோரின் என்னும் நச்சு இருக்கிறது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். விஷமூங்கில் என்னும் நச்சுச் செடியும் இதே தாவரக் குடும்பம்தான். ஆகவே கிழங்கைக் காய்கறி இருக்கும் எந்த இடத்திலும் வைக்க வேண்டாம். ஆடு, மாடு, நாய், சிறு குழந்தைகள் எட்டும் இடத்திலும் வேண்டாம்.

மாசி பிறந்ததும் தொட்டியை மறுபடி கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுவந்து, மேல்மண்ணில் ஒரு விரல் அளவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தொழு உரம் கலந்த மண் இட்டு, ஒருமுறை நன்றாக நனைக்க வேண்டும். அதன் பிறகு முனை தெரியும் வரை பொறுமை வேண்டும். இலையும் முளையும் இல்லாத கிழங்கு நீரை இழுப்பதில்லை. ஆர்வத்தில் தினமும் ஊற்றுகிறவர்கள் அதை அழுக வைத்துவிடுகிறார்கள். மண் மேலாகக் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர் என்பது போதுமான விதி. நனைத்த ஆறு முதல் பத்து வாரங்களுக்குள் பூ வந்துவிடும், ஆகவே பங்குனிக்குள் மொட்டையும், வைகையில் அழகர் இறங்கும் நாட்களை ஒட்டிப் பூவையும் எதிர்பார்க்கலாம். முதலில் தலைகாட்டுவது இலையா மொட்டா என்று அறிய ஒரு வழி உண்டு. இலை தட்டையாக, நாக்கு நுனி போல வரும். மொட்டு சற்றுப் பருத்து, பெரும்பாலும் இலைக்கொத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகப் புறப்படும். தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாயுமாதலால் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். பூ விரிந்த பிறகு வெயில் படாத குளிர்ந்த அறையில் வைத்தால் சில நாட்கள் கூடுதலாக நிற்கும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி கழுத்து அடுக்குகளின் இடையே ஒளிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். செங்காந்தளைத் தின்னும் புள்ளிபோட்ட கம்பளிப்புழு போன்ற புழு இதையும் ஒரே இரவில் மொட்டையடிக்கும் என்பதால், பால்கனியில் வைத்திருப்பவர்கள் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவர வேண்டும். இலையிலும் தண்டிலும் சிவப்புத் தழும்புகள் தோன்றினால் அது பூஞ்சை நோய். பாதித்த இலையை வெட்டி அப்புறப்படுத்தி, இலை மேல் நீர் படாமல் ஊற்றிவர வேண்டும். தழும்பு பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கலாம்.

இத்தனையும் செய்தும் அந்த ஆண்டு பூ வரவில்லை என்றால், நூலை எடுத்துக் கிழங்கை அளந்து பாருங்கள். சென்ற ஆண்டை விடச் சுற்றளவு கூடியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், அதே இடத்தில் அதே முறையில் இன்னும் ஒரு பருவம் விடுங்கள். குறைந்திருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது வெளிச்சத்தை. அதன் பிறகே உரத்தையும் தண்ணீரையும். அளவு மாறாமல், பக்கத்தில் குட்டிக் கிழங்குகள் நெருக்கியிருந்தால், தாயின் உணவு பிள்ளைகளுக்குப் பிரிந்து போகிறது என்று பொருள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பூ முடிந்த கையோடு மண்ணை மாற்றும்போது, சொந்தமாக வேர்விட்ட குட்டிகளை மட்டும் கையால் மெல்லத் திருகிப் பிரித்துத் தனித்தனிச் சிறு தொட்டிகளில் வைக்கலாம். அவை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். குட்டிகளுக்கு அந்த முதல் ஆண்டுகளில் ஓய்வு கொடுக்க வேண்டாம். மார்கழியிலும் அளவாக நீர் ஊற்றி இலையோடு வைத்திருந்தால் சீக்கிரம் பருக்கும். ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் பிரித்த ஆண்டையும் அப்போதைய சுற்றளவையும் பெயிண்டால் எழுதி வைத்துவிடுங்கள்.